‘விதிப்படி’ என்னும் சொல்: சங்கச் சட்டவிதிகளின் பொருளும் பயன்பாடும்

தமிழில் ‘விதி’ என்னும் சொல் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, மனிதர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு. மற்றொன்று, மனிதரால் மாற்ற இயலாத ஊழ். சாலைவிதி, தேர்தல்விதி, புணர்ச்சிவிதி என்னுமிடங்களில் முதற்பொருள் வருகிறது. ‘எல்லாம் விதி’ என்று பெருமூச்சு விடுமிடத்தில் இரண்டாம் பொருள் வருகிறது. இடம்நோக்கிப் பொருள் தெளிவாகும் என்பது மொழியியலின் பாலபாடம். ஆயினும் ஓரிடத்தில் மட்டும் இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவ்விடம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம். மேடையிலிருந்து ஒருவர், ‘சட்டவிதிப்படி இதற்கு இடமில்லை’ என்கிறார். கேள்வி கேட்க எழுந்தவர் அமர்ந்துவிடுகிறார். எந்த விதி, எத்தனையாவது பிரிவு, அதில் எழுதியிருப்பது என்ன என்று மேலும் வினவுவோர் மிகச் சிலர். சங்கத்தார் தாமே இயற்றிய விதி, அந்நேரத்தில் தலையெழுத்தாக மாறிவிடுகிறது.

சட்டவிதியை ஊழாகக் கருதாமல், படித்தறியத்தக்க, வேண்டியபோது திருத்தத்தக்க ஓர் எழுத்தாகக் கருதுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். இது வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. விதிகள் சொற்களால் ஆனவை. சொற்களைப் பற்றியன்றி விதிகளைப் பற்றிப் பேச இயலாது.

பெயர்கள் சொல்லும் செய்தி

நம் நாட்டில் சங்கங்கள் இவ்வாவணத்தைச் ‘சட்டவிதிகள்’ என்றும் ‘சட்டதிட்டம்’ என்றும் வழங்குகின்றன. இலங்கையில் ‘யாப்பு’ என்னும் பெயர் பெருவழக்கு. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் ‘துணைவிதி’ என்பர். பேச்சில் ‘பைலா’ என்பர். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு கருத்தைத் தாங்கி நிற்கிறது. ‘சட்டம்’ என்பது படத்திற்கும் கதவுக்கும் இடும் சட்டத்தையும் குறிக்கும். உள்ளிருப்பது சிதறாமல் நாற்புறமும் நிறுத்துவது அது. ‘யாப்பு’ என்பது கட்டுதல். செய்யுளைக் கட்டும் சொல்லே அமைப்பைக் கட்டுவதற்கும் ஆகிவந்தது.

‘பைலா’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. அதன் முதற்பகுதிக்குத் ‘துணையான’, ‘பக்கத்திலுள்ள’ என்று பொருள்கொண்டே துணைவிதி என்று தமிழாக்கினர். ஆனால் அப்பகுதி ஊரை, குடியிருப்பைக் குறித்த பழைய ஸ்காண்டினேவியச் சொல்லிலிருந்து வந்தது என்பதே சொற்பிறப்பு அறிஞர் பலரின் கருத்து. இங்கிலாந்தில் டெர்பி, விட்பி முதலான ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அச்சொல்லே. அவ்வாறாயின் பைலா என்பது முதலில் ஊர்ச்சட்டம். ஓரிடத்தில் கூடி வாழ்வோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டுப்பாடு. சங்கச் சட்டவிதியின் இயல்பை இதனினும் சுருக்கமாக விளக்க இயலாது.

விதிகளின் படிநிலை

மலேசியாவில் இயங்கும் சங்கங்களை 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் ஆள்கிறது. அது 335ஆம் சட்டம். ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்த அமைப்பை அச்சட்டம் சங்கம் என்கிறது. சிங்கப்பூரிலும் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டமே நடப்பிலுள்ளது. அங்கு அவ்வெண்ணிக்கை பத்து. இரு சட்டங்களுக்கும் முன்னோடியாக நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் 1889இல் இயற்றப்பட்டு 1890இல் நடைமுறைக்கு வந்த சங்கச் சட்டம் அமைந்தது. அன்று ஆட்சியாளரின் முதற்கவலை இரகசியக் கும்பல்கள். ஆனால் அக்கவலையிலிருந்து பிறந்த பதிவுமுறையே பின்னாளில் ஆலயம், வாசகர் வட்டம், மரண உதவிச் சங்கம் வரை எல்லாவற்றிற்கும் பொதுவாயிற்று.

நாட்டின் சட்டம் மேற்படி. அதன்கீழ் நிற்பது சங்கப் பதிவதிகாரியிடம் பதிவுபெற்ற சட்டவிதி. அதன்கீழ் பொதுக்கூட்டத்தின் தீர்மானம். அதற்கும் கீழ் செயலவையின் முடிவு. கடைசியில் ‘நம் சங்கத்தில் வழிவழியாக இப்படித்தான்’ என்னும் வழக்கம். கீழ்ப்படியில் உள்ளது மேற்படியில் உள்ளதோடு முரணக் கூடாது. இவ்வொன்றை நினைவிற்கொண்டால் கூட்டங்களில் எழும் பூசல்களில் பெரும்பாலானவை விரைவில் தெளியும். ‘பொதுக்கூட்டமே பெரியது, அது எதையும் தீர்மானிக்கலாம்’ என்று சிலர் வாதிடுவர். பொதுக்கூட்டம் பெரியதே, ஆயினும் சட்டவிதியை மாற்றாமல் சட்டவிதிக்கு மாறாகத் தீர்மானிக்கும் உரிமை அதற்கில்லை. சட்டவிதியை மாற்றுவதாயினும் தீர்மானம் நிறைவேறிய 60 நாள்களுக்குள் பதிவதிகாரிக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெற்ற பின்னரே திருத்தம் உயிர்பெறும்.

மூன்று வினைமுடிபுகள்

ஒரு சட்டவிதியைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் படிப்பது? நாம் வாக்கியத்தின் ஈற்றைப் படிக்கச் சொல்வோம். தமிழில் அதிகாரம் வாக்கியத்தின் ஈற்றிலேயே இருக்கிறது. ‘வேண்டும்’ என்று முடிந்தால் அது கடமை. ‘கூடாது’ என்று முடிந்தால் அது தடை. ‘-லாம்’ என்று முடிந்தால் அது அதிகாரம்; செய்யவும் உரிமையுண்டு, செய்யாமலிருக்கவும் உரிமையுண்டு. மலாய் மூலத்தில் ‘ஹென்டக்லா’ என்பதற்கும் ‘போலே’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

‘உறுப்பினர் பாதிப்பேர் எழுத்து மூலம் கோரினால் செயலாளர் சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும்’ என்பதையும், ‘கோரினால் கூட்டலாம்’ என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வாக்கியத்தில் கூட்டம் உறுப்பினர் கையில் இருக்கிறது. இரண்டாவதில் அது செயலாளர் கையில் இருக்கிறது. இடையிலிருப்பது ஒரே விகுதி.

தமிழ்ச் சட்டவிதிகளில் நான்காவதாக ஒரு முடிபு வந்து தொல்லை தருவதுண்டு. ‘செயலாளர் கூட்டக்குறிப்புகளை வைத்திருப்பார்’, ‘பொருளாளர் கணக்கறிக்கை சமர்ப்பிப்பார்’ என்பன போன்ற வாக்கியங்களே அவை. இது கடமையா, வருணனையா, எதிர்பார்ப்பா? பெரியவர்களைக் குறித்து ‘செய்ய வேண்டும்’ என்று எழுதுவதற்கு நம் பண்பாடு தயங்குகிறது. அத்தயக்கம் பேச்சில் அழகு. சட்டவிதியில் அது கடமையைக் கரைத்துவிடும். பொருளாளர் கணக்குக் காட்டாத ஆண்டில், ‘சமர்ப்பிப்பார்’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிலைநாட்ட இயலாது.

இடைச்சொற்களிலும் இதே கவனம் தேவை. ‘காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் கையொப்பமிட வேண்டும்’ என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். மூவருமா, மூவருள் எவரேனுமா? ‘தலைவரும் செயலாளரும் பொருளாளரும்’ என உம்மை இட்டால் மூவர். ‘தலைவர் அல்லது செயலாளர், அவருடன் பொருளாளர்’ எனில் இருவர். எச்சவும்மை, முற்றும்மை என்று பள்ளியில் படித்தது தேர்வுக்காக மட்டுமன்று.

எண்களும் அவ்வாறே. ‘மூன்றில் இரு பங்கினர் ஆதரவுடன்’ என்பது எதனுடைய இரு பங்கு? வாக்குரிமை உடையோர் 60 பேர், கூட்டத்திற்கு வந்தோர் 24 பேர், வாக்களித்தோர் 21 பேர் எனின், மொத்த உறுப்பினரில் இரு பங்கு 40; வந்தோரில் இரு பங்கு 16; வாக்களித்தோரில் இரு பங்கு 14. எந்தப் பொருள் என்று விதி சொல்லாவிடில், 15 வாக்குகள் பெற்ற தீர்மானம் வென்றதா தோற்றதா என்பதை யாராலும் கூற இயலாது.

கோரம்: ஒரு விதி உறுப்பினரைக் காக்கும் முறை

கூட்டம் செல்லுபடியாவதற்குத் தேவையான குறைந்தபட்ச வருகையை நம்மவர் ‘கோரம்’ என்றே சொல்கின்றனர். ‘குறைவெண்’ என்னும் தமிழ்ச்சொல்லும் உண்டு. மலேசியச் சங்கப் பதிவிலாகாவின் மாதிரிச் சட்டவிதி இதனை இரு அளவைகளால் வரையறுக்கிறது. வாக்குரிமையுடைய உறுப்பினரில் பாதிப்பேர், அல்லது செயலவை உறுப்பினர் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு. இவ்விரண்டில் எது குறைவோ அது. 60 உறுப்பினரும் 11 செயலவையினரும் உள்ள சங்கத்தில் பாதி 30, இரு மடங்கு 22. ஆகவே கோரம் 22.

குறித்த நேரத்திற்கு அரைமணி கழிந்தும் அவ்வெண்ணிக்கை சேராவிடில், 30 நாள்களுக்கு மேற்படாத ஒரு நாளுக்குக் கூட்டம் ஒத்திவைக்கப்படும். அன்றும் அரைமணி கழிந்து சேராவிடில், வந்திருப்போரைக் கொண்டு அலுவல்களை நடத்தலாம். ஆனால் சட்டவிதியைத் திருத்தவோ உறுப்பினர் அனைவரையும் பாதிக்கும் முடிவுகளை எடுக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. சிங்கப்பூரின் மாதிரி யாப்பில் கோரம் வாக்குரிமையுடையோரில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், இவற்றுள் குறைந்தது. அங்குக் கூட்டம் அரைமணி நேரமே தள்ளிவைக்கப்படும். அதன்பின் வந்திருப்போரே கோரமாகக் கொள்ளப்படுவர். எனினும் யாப்பைத் திருத்தும் அதிகாரம் அங்கும் அவர்களுக்கில்லை.

இவ்விதியின் உட்கருத்து எளியது. வராதவர் சோம்பலால் சங்கம் முடங்கக் கூடாது. அதே வேளை, வராதவர் அறியாமலே சங்கத்தின் அடித்தளம் மாறவும் கூடாது. மழைநாளில் பத்துப்பேர் கூடி எல்லாருக்கும் உரிய ஒன்றை மாற்றிவிட இயலாதபடி, வீட்டிலிருப்பவர்க்காக அந்த விதி மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது. விதி என்பது தடுப்பதற்கே உள்ளது என்று நினைப்போர், அது யாரைத் தடுக்கிறது, யாருக்காகத் தடுக்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

நம் கையால் நேர்ந்த பிழை

இவற்றையெல்லாம் எழுதும் தகுதி நமக்கு வந்தது ஒரு பிழையின் வழியாகவே. பல ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புறத்து ஆலயச் சங்கமொன்று தன் மலாய்ச் சட்டவிதிகளைத் தமிழில் எழுதித் தருமாறு நம்மைக் கேட்டது. உறுப்பினருள் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர். எல்லாரும் எளிதில் படிக்க வேண்டும் என்று கருதி, நீண்ட பிரிவுகளைச் சுருக்கி, ஒரு சிறு கையேடாக அமைத்துக் கொடுத்தோம். சந்தா நிலுவை பற்றிய பிரிவை, ‘சந்தா செலுத்தத் தவறிய உறுப்பினர் வாக்குரிமை இழப்பார்’ என்று ஒரே வரியில் முடித்தோம். வாக்கியம் நன்றாக அமைந்தது என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து அச்சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்கு அழைக்கப்பட்டிருந்தோம். ஆலயத்தை வேறிடத்திற்கு மாற்றுவது பற்றி வாக்கெடுப்பு. எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் வாக்களிக்க எழுந்தபோது, செயலாளர் கையேட்டை விரித்து அவ்வரியை மரியாதையுடனேயே படித்துக் காட்டினார். ஓராண்டுச் சந்தா நிலுவை. அம்மையார் சற்று நின்றுவிட்டு, ‘எழுதியே வச்சிருந்தா நான் என்ன தம்பி சொல்றது’ என்று கூறிப் பின்வரிசைக்குச் சென்று அமர்ந்தார்.

அன்றிரவு மலாய் மூலத்தை எடுத்துப் பார்த்தோம். நிலுவை குறிப்பிட்ட மாதங்களைத் தாண்டினால் செயலாளரோ அவர் சார்பிலோ கையொப்பமிட்ட அறிவிப்பு உறுப்பினர்க்கு அனுப்பப்பட வேண்டும். அதன்பின், நிலுவையைச் செலுத்தும் வரை உறுப்பினர் உரிமைகள் நிறுத்தப்படும் என்பது அதன் பொருள். அந்த அம்மையாருக்கு எவ்வறிவிப்பும் சென்றதில்லை என்பதைப் பின்னர் செயலாளரே உறுதிசெய்தார். அவர்மீது குற்றமில்லை; நாம் எழுதியதை அவர் படித்தார். நடைக்காக நாம் வெட்டிய வாக்கியம், அம்மையாரைக் காப்பதற்கென்று மூலத்தில் வைக்கப்பட்டிருந்த வாக்கியம்.

திருத்திய பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தோம். சங்கம் நிலுவையைப் பெற்றுக்கொண்டு அவருரிமையை மீட்டளித்தது. வாக்கு வேறுபாடு பெரிதாக இருந்தமையால் அவரது ஒரு வாக்கு அன்றைய முடிவை மாற்றியிராது. ஆயினும் அவர் தம் பிள்ளைப்பருவம் முதல் கும்பிட்ட கோவிலைப் பற்றிய வாக்கு அது. அதனை அவர் அளிக்கவில்லை.

இலக்கண நூலார் காட்டும் வழி

நம் பிழைக்கு நம் மரபில் பெயருண்டு. நன்னூல் பாயிரம் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தை வகுத்துரைக்கிறது. அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல். நாம் செய்தது அதுவே. ஒரு பிரிவில் செயலவைக்கு ஓராண்டு என்றும் மற்றொரு பிரிவில் ஈராண்டு என்றும் எழுதுவது மாறுகொளக் கூறல். ‘மூன்றில் இரு பங்கு’ என்று மட்டும் எழுதிவிடுவது மயங்க வைத்தல். ஒரே செய்தியை இரண்டு பிரிவுகளில் வேறுவேறு சொற்களால் சொல்வது கூறியது கூறல். பின்னாளில் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறக்கும்போது அதுவே முரணாக வளரும். இலக்கண நூலுக்கென்று சொல்லப்பட்ட இவை சட்டவிதிக்கும் அப்படியே பொருந்துவதில் வியப்பில்லை. இரண்டும் குறைந்த சொற்களால் பலரை நெடுங்காலம் ஆள வேண்டிய எழுத்துகள்.

இலக்கண நூலார் வேறொன்றும் அறிந்திருந்தனர். எத்துணை விதிகள் எழுதினாலும் அவற்றுள் அடங்காதவை எஞ்சும். அவற்றைத் தழுவிக்கொள்ளப் புறனடை நூற்பா வகுத்தனர். மாதிரிச் சட்டவிதியிலும் அத்தகைய பிரிவு உண்டு. இரு பொதுக்கூட்டங்களுக்கு இடைப்பட்ட காலத்தில், சட்டவிதிகளுக்கு விளக்கம் கூறவும் அவை பேசாத செய்திகளில் முடிவெடுக்கவும் செயலவைக்கு உரிமையுண்டு. பொதுக்கூட்டம் அதனை மாற்றும் வரை அம்முடிவு நிற்கும். விதி மௌனமாக இருக்குமிடத்தில் மட்டுமே இவ்வுரிமை உண்டு என்பதை மறத்தலாகாது. விதி வாய்திறந்து பேசியிருக்குமிடத்தில் புறனடைக்கு வேலையில்லை.

கல்லில் எழுதியும் திருத்தினர்

விதியை எழுதுவதும் திருத்துவதும் அயலாட்சி நமக்குக் கற்றுத்தந்தவை என்று கருதுவாரும் உளர். தமிழ்நாட்டில் உத்திரமேரூர்க் கோவில் சுவரிலுள்ள கல்வெட்டுகள் அக்கருத்தை மறுக்கின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது ஏறத்தாழ கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை எழுதிவைத்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் உள்ளிருப்பதை அறியாத சிறுவன். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களும் விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பது வரை விதி பேசுகிறது.

அது நிலமுடைய பிராமணர்களின் சபை. சொத்தையும் வேதக் கல்வியையும் தகுதியாகக் கேட்ட அதன் விதிகள் இன்று நாம் பின்பற்றத்தக்கன அல்ல. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. முதல் விதியைக் கல்லில் வெட்டி இரண்டாண்டுகளே ஆன நிலையில், அதே சபை மீண்டும் கூடி அதனை விரித்தும் திருத்தியும் எழுதியது. கல்லில் எழுதியதையும் அவர்கள் ஊழாகக் கொள்ளவில்லை.

இனிச் செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் பெரும்பாலானவற்றில் பதிவுபெற்ற மூலம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. அது செயலாளரின் அலமாரியில் இருக்கிறது. உறுப்பினர் பேசுவதோ தமிழ். இவ்விடைவெளியை நிரப்பத் தமிழ்ப் பெயர்ப்பு வேண்டும். அது சுருக்கமாக இராமல் முழுமையாக இருக்க வேண்டும். ஐயம் நேர்ந்தால் பதிவுபெற்ற மூலமே முடிவானது என்னும் குறிப்பு அதன் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும். பிரிவு எண்கள் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். அப்போதுதான் கூட்டத்தில் ஒருவர் தமிழ்ப்படியையும் மற்றொருவர் மலாய்ப்படியையும் வைத்துக்கொண்டு ஒரே பிரிவைப் பற்றிப் பேச இயலும். கடமையைக் கூறுமிடத்தில் ‘வேண்டும்’ என்றே எழுத வேண்டும். மரியாதையைப் பதவிப்பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உறுப்பினர் தம் பங்குக்கு ஐந்து பிரிவுகளையேனும் படித்து வைத்திருத்தல் நன்று. உறுப்பியமும் சந்தாவும், பொதுக்கூட்ட அறிவிப்புக்குரிய நாள்கள், கோரம், நிதியும் கணக்காய்வும், சட்டத்திருத்தம் ஆகியவையே அவை. மாலையொன்றில் அரைமணி நேரம் போதும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் பதிவதிகாரிக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அறிந்திருந்தால், அது சென்றதா என்று செயலாளரைக் கேட்கலாம். கேட்பது குறைகூறல் ஆகாது. நல்ல செயலாளர் அதனை விரும்பவே செய்வார்.

அடுத்த கூட்டத்தில் யாரேனும் ‘விதிப்படி இடமில்லை’ என்று கூறினால், அமர்வதற்கு முன் பணிவுடன் ஒன்று கேட்போம்: ‘எந்தப் பிரிவு, ஐயா? முழுமையாகப் படித்துக் காட்ட முடியுமா?’ அந்த அம்மையார் அன்று இதனைக் கேட்டிருந்தால், செயலாளர் நம் கையேட்டை மூடிவிட்டு மலாய் மூலத்தைத் தேடி எடுத்திருப்பார்.